விளக்கு மின்னியது, வண்டி கேட்கவில்லை



இந்த மாதம் ஒரு கார் சாவியைக் குறித்து எழுதுகிறேன். தவறு என்னுடையது, மறைக்கப்போவதில்லை.

என் பழைய காரின் இரண்டு ரிமோட் சாவிகளில் ஒன்று சிவகாசி பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோயிற்று. மதுரைக்குப் பஸ்ஸில் போய், ஒரு கடையில் அதே அச்சாக ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கி, பல் வெட்டிக்கொண்டேன். கடைத் தம்பி, "பாஸ்டர், பழைய ரிமோட் பின்னால எத்தனை மெகாஹெர்ட்ஸ்னு பார்த்தீங்களா? வண்டியையும் கொண்டு வாங்க, கோடு ஏத்தணும்" என்றார். நான் பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு மின்னியது. "அதான் எரியுதே தம்பி" என்று பையில் போட்டுக்கொண்டு ஆமத்தூர் வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, இரவு பதினொன்றரைக்கு, பட்டாசு ஆலையில் வேலை செய்யும் நம் சகோதரன் ஒருவரின் மனைவி கதவைத் தட்டினார். "ஐயா, அவருக்கு மூச்சு வாங்குது, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு." நல்ல சாவியோ என் மனைவியின் கைப்பையில் சாத்தூருக்குப் போயிருந்தது. புதியதை அமுக்கினேன். விளக்கு மின்னியது; கார் அசையவில்லை. பல்லைப் போட்டுத் திறந்தேன். கார் அலறியது, என்ஜின் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு லோடு ஆட்டோ கிடைத்து விருதுநகர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது. அந்தச் சகோதரி என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பாரமாயிருந்தது.

மறுநாள் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி விளக்கினார். என் காரின் காது 433.92 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் அதுவே வழக்கம். நான் வாங்கியது 315. அமெரிக்கா, ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் அது. விளக்கு பேட்டரிக்குச் சாட்சி, அவ்வளவே. கார் கேட்டதற்குச் சாட்சி அல்ல!

அலைவரிசை சரியானாலும் போதாதாம். ஒவ்வொரு அமுக்கிலும் ரகசிய எண் மாறுகிறது, காரும் அந்தக் கணக்கோடு சேர்ந்து நடக்கிறது. பிள்ளைகள் வீட்டில் சும்மா அமுக்கிக்கொண்டே இருந்தால் எண் முன்னே ஓடிவிடும், கார் ஏற்காது. என்ஜினுக்கு வேறு கதை. சாவிக்குள் பேட்டரியில்லாத சிறு சில்லு. சாவித்துவாரத்தைச் சுற்றிய கம்பிச்சுருள் அதைத் தட்டிக் கேட்கும், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில். பதில் தெரிந்த சில்லு இல்லையென்றால், பல் எவ்வளவு அழகாய் வெட்டியிருந்தாலும் என்ஜின் ஓடாது.

பத்துக் கன்னிகைகளைக் குறித்து எத்தனை கூட்டங்களில் பிரசங்கித்திருப்பேன்! பத்துப் பேரிடமும் தீவட்டி இருந்தது; எண்ணெய் நடுராத்திரியில்தான் கேள்வியாயிற்று. பைபிள் காலேஜில் டிப்ளமோ வாங்கினவன், 900 ரூபாய்ச் சாவியைக் கார் பக்கத்தில் ஒருதரம் அமுக்கிப் பார்க்கவில்லை. நம் சபையார் பலர் தினமும் மருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டே நுழைகிறார்கள். நேற்றுத் தொட்டேனே என்று எவரும் சொல்வதில்லை.

சகோதரன் பிழைத்தார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பழைய ரிமோட்டின் முதுகைப் படித்து, வண்டியைக் கொண்டுபோய், சில்லோடு கோடும் ஏற்றி வேறு சாவி வாங்கினேன். சனிக்கிழமைதோறும் இரண்டு சாவியாலும் காரை ஓட்டிப் பார்க்கிறேன். அவருக்கு இன்னும் ஆலைக்குப் போகப் பெலனில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள். முடிந்தவர்கள் போய்ப் பாருங்கள், வெறுங்கையோடு போகவேண்டாம்.