மணமும் பங்கும்

சுட்ட இறைச்சிக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. இது வெறும் அடுப்படி விடயம்தான். ஆனாலும் கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் தொட்டு எனக்கு இது ஒரு கேள்வியாகவே இருந்து வருகிறது.

உழ்ஹிய்யாக் கிடாயை மூன்றாகப் பங்கிட்டு, இரு பங்கை உறவினருக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டோம். எங்கள் பங்கில் பின்தொடை ஒன்று முழுதாக இருந்தது. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மச்சான், "இத ஆணமாக்க வேணாம், சுடுவம்" என்றார். கத்தியால் ஆழக் குத்தி, குத்திய இடமெல்லாம் உள்ளிப் பல்லைச் செருகினார். புதினா, மல்லியிலை, மிளகு, உப்பு அரைத்து, தேசிக்காய்ப் புளி விட்டுப் பூசி ஓர் இரவு வைத்தார். மறுநாள், பாண் இறக்கிய பின் சூடு தணிந்து வரும் பேக்கரிப் போறணையில் மூன்று மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் வெட்ட விடவில்லை. அரை மணி நேரம் மூடி வைத்தால்தான் சாறு இறைச்சிக்குள் தங்குமாம். சாறு தங்கியது. மணம் வேலி தாண்டிப் போய்விட்டது.

வேலிக்கு அப்பால் ஒரு தாயும் மகனும். மகன் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான். முதல்நாள் நாங்கள் கொடுத்த பச்சை இறைச்சியை அந்தத் தாய் ஆணமாக்கி, அதில் ஒரு கோப்பையை எங்களுக்கே கொடுத்தனுப்பியிருந்தார். கோப்பையை நீட்டிய பையன், "சேர், என்ன மணக்குது?" என்றான். "பிறகு வா மகன்" என்றேன். நாங்கள் ஏழு பேர் தொடையைச் சுற்றி இருந்தோம். அவன் பிறகு வந்தபோது எலும்புதான் இருந்தது.

ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அயலவரையும் கவனிக்கும்படி அபூதர் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அதை நான் வகுப்பில் எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். அந்தத் தாய் செய்தே காட்டிவிட்டார். ஆணம் ஆட்களுக்கேற்பப் பெருகும். சுடும் நெருப்போ நீரை வற்றவைத்து இறைச்சியைச் சுருக்கும். நெருப்பைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அரபிகள் முழு ஆட்டையே சுட்டு, ஒரே தட்டில் பலரை இருத்தி உண்பிக்கிறார்களே.

"பங்கு கொடுத்தாச்சி. மணத்துக்கும் பங்கு கேட்டா எப்படி?" என்பது மச்சானின் வாதம். பிக்ஹின்படி அவரை மறுக்க என்னிடம் எதுவுமில்லை. ஆனால் திர்மிதியில் ஆயிஷா (ரழி) அறிவிக்கும் ஒரு சம்பவம் உண்டு. அறுத்த ஆட்டில் தோள் மட்டுமே மிச்சம் என்று அவர் சொன்னபோது, தோளைத் தவிர மற்றதெல்லாம் மிஞ்சியிருக்கிறது என்றார்கள் நபியவர்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் கிடாயில் மிஞ்சாமல் போனது நாங்கள் ஆசையோடு சுட்ட அந்தத் தொடைதான். கொடுத்த இரு பங்கையும், இனி எவருக்கும் ஒன்றும் இல்லை என்பதற்கான பற்றுச்சீட்டாக நான் வைத்துக்கொண்டேனா?

வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் ஊர் வழக்கமில்லை. மனைவி அதில் பேரீச்சம்பழம் நிரப்பிக் கொடுத்தார். பையன் மூடியைத் திறந்து பார்த்தான்.

"சேர், மணந்தது இதில்லையே" என்றான்.