பிள்ளையின் படம் யாருக்குச் சொந்தம்?



கோயில் ஆண்டு மலரில் முகநூலைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளை வளர்ப்பு ஓர் அறம். அறத்தைப் பற்றிப் பேசக் கோயிலை விடச் சிறந்த இடம் எது?

நம் தோட்டங்களில் பெண்பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் சீரோடு வருவார். உற்றார் கூடி மஞ்சள் நீராட்டி வாழ்த்துவர். முன்பு அச்செய்தி லயத்தோடும் உறவோடும் நின்றது. இன்றோ சடங்கு முடியுமுன்பே படமும் பெயரும் முகநூலில் ஏறிவிடுகின்றன. வாழ்த்துவோருள் எத்தனை பேரை நாம் அறிவோம்? அடுத்த வாரம் பாடசாலைக்குப் போக வேண்டியவள் அந்தப் பிள்ளை. தன் உடலின் மாற்றத்தை ஊர் அறியலாமா என்று அவளிடம் யார் கேட்டார்கள்? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறும் அப்படித்தான். புள்ளி கூடிய பிள்ளையின் படம் பரவும் வேளையில், குறைந்த பிள்ளை பக்கத்துக் காம்பராவில் அழுதுகொண்டிருக்கும்.

“பெற்றவர்களுக்கு இல்லாத உரிமையா?” என்பர். உரிமை உண்டு, அது எத்தகைய உரிமை என்பதே கேள்வி. இந்திய நீதிமன்றங்கள் கோயில் மூர்த்தியைச் சட்டப்படி ஒரு நபராகவும், வயது நிரம்பாத பிள்ளைக்கு ஒப்பானவராகவும் கருதுகின்றன. மூர்த்தியின் உடைமையைத் தர்மகர்த்தா காக்கலாம். தம் பெருமைக்காக எடுத்தாள முடியாது. அம்பாளின் நகையைத் தர்மகர்த்தாவின் மனைவி அணிந்துகொண்டு கலியாண வீட்டுக்குப் போனால் நாம் பொறுப்போமா? பிள்ளையின் முகமும் பெயரும் மானமும் அவ்வாறே பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டவை.

உலகமும் இதை உணர்ந்து வருகிறது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்துக்கும் நற்பெயருக்கும் பாதுகாப்பளிக்கிறது. பிள்ளையின் படத்தைக் காப்பது பெற்றோர் இருவரின் பொறுப்பு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் பிரான்ஸ் நாடு 2024 பெப்ரவரியில் சட்டம் இயற்றியது.

படமே எடுக்கக்கூடாது என்பதல்ல என் கருத்து. மத்திய கிழக்கில் பணிபுரியும் தாய்க்குப் பிள்ளையின் படம்தான் ஆறுதல். அதைத் தாய்க்கு மட்டும் அனுப்பினால் போதும். உலகுக்குக் காட்ட வேண்டியதில்லை. நான் பல ஆண்டுகள் அரச அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்தவன். தவறான கடிதத்தைத் தேடியெடுத்துத் திருத்திவிடலாம். பிறர் தம் தொலைபேசியில் சேமித்துக்கொண்ட படத்தை எங்கே போய்த் தேடுவது?

எனவே பதிவிடுமுன் பிள்ளையைக் கேளுங்கள். “வேண்டாம்” என்றால் விட்டுவிடுங்கள். கேட்டுச் சொல்லும் வயதில்லை என்றால், வளர்ந்தபின் இதைக் கண்டு நாணுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பாடசாலைப் பெயர், நோய், வறுமை, சடங்கு இவற்றை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்பட்டுவிடும் என்று கன்னத்தில் மைப்பொட்டு வைத்துப் பிள்ளையைக் காத்தவர்கள் நம் பாட்டிமார். அந்த அக்கறை நம்மிடமும் நிலைக்க அன்னை அருள்வாளாக.