பெயர் தைத்த போர்வை

போர்வை என்பது போர்த்துக்கொள்ளுதற்கு உரியது. அதனைக் கண்ணாடிப் பேழையுள் விரித்துத் தொடாதீர் என்று எழுதி வைத்தபின், அஃது எவருடைய குளிரைப் போக்கும்? பொருட்காட்சிசாலைகளைப்பற்றி இங்ஙனம் வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. ஆயினும், குளிரை முதன்மையாக எண்ணாது தைக்கப்பட்ட போர்வைகளும் உண்டு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஐரோப்பியரே பெரும்பான்மையோராக, 400க்கு மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பெற்றனர். போர்வீரரான கணவன்மார் வேறு பாசறைகளில் இருந்தனர். ஒருவர் உயிரோடிருப்பதை மற்றவர் அறிய வழியில்லை. அந்நிலையில் எதெல் முல்வேனி என்னும் கனடா நாட்டு அம்மையார் ஒரு வழி கண்டார். பெண்கள் ஒவ்வொருவரும் சிறு சதுரத் துணியில் தம் உள்ளத்தில் உள்ளதை ஊசியால் தைத்துப் பெயரும் பொறித்தல் வேண்டும். அத்தகைய 66 சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், ஜப்பானியர் எனக் காயமுற்ற வீரர்களுக்கென்று மூன்று போர்வைகள் ஆயின. மருத்துவமனையில் கிடப்பவன் கண்ணில் மனைவியின் பெயர் படவேண்டும் என்பது வெளியிற் சொல்லாத காரணம்.

உட்கருத்தை மறைத்து ஈந்த கொடை கொடையாகுமா? ஆகும் என்பதே என் துணிபு. எவருக்கும் தீங்கு செய்யாத மறைவு அது. பகைவனின் புண்பட்ட வீரனுக்கும் ஒன்று தைத்தது உத்தியா, இரக்கமா? தைத்தவர்களே பிரித்துச் சொல்லியிருப்பார்களோ, ஐயமே. இன்று அவற்றுள் இரண்டு கான்பராவிலுள்ள போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. காண்போர் பெயர்களைப் படிக்கின்றனர். கண்ணாடிக்குள் இருந்தும் அப்போர்வை தன் தொழிலைச் செய்தே வருகின்றது.

அக்காலத்திலேதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் பல்லாயிரவர் சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 415 கிலோமீட்டர்ப் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 வரை இருக்கலாம் என்பர். காஞ்சனபுரியில் வெள்ளைப் போர்க்கைதிகளின் கல்லறைகளிற் பெயர் வெட்டியிருக்கின்றது. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய கல்லும் இல்லை, சதுரத் துணியும் இல்லை. சாங்கி மாதரின் துயரைச் சிறிதாக்க இதனைக் கூறவில்லை. பெயரை விட்டுச்செல்லுதற்கு ஊசியும் நூலும் எழுத்தறிவும் மட்டும் போதா. இவனும் ஓர் ஆள் என்று கணக்கில் வைக்கும் ஒருவரும் வேண்டும்.

தோட்டத்துக் கிராணிமாராகிய நாங்கள் நாள்தோறும் பெயர் போடுகிறவர்கள். காலைப் பெரட்டில் வந்தவனுக்குச் செக்ரோலில் ஒரு கோடு. வராதவனுக்கு வெற்றுக் கட்டம். கூலிக்கணக்கு அத்தோடு தீர்ந்தது. வராதவன் எங்கே போனான் என்று கேட்கும் பத்தி அப்புத்தகத்தில் இல்லை.

பாட்டனைப்பற்றி வினவினால், "சயாமுக்குப் போனவர்" என்று மட்டும் விடைகூறும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. மாண்ட இடம் தெரியாது, நாளும் தெரியாது. பெயரைக் கேட்டால் மட்டும் தடையின்றிச் சொல்லுவர். அதனை இன்றும் எழுதிக்கொள்ளலாம். சொல்லுவோர் பலருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.