மலாயில் கவிதை எழுதினால் தமிழுக்குத் துரோகமா?

"என்னப்பா, தமிழ்ப் பிள்ளை நீ, மலாய்ல போய் பந்துன் எழுதுறியாமே?"

இந்தக் கேள்வியை நான் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை. கோவிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் உழைத்தவர்கள்தாம் கேட்கிறார்கள். அதனால் 'அது என் இஷ்டம்' என்று சொல்லி நழுவ எனக்கு மனம் வரவில்லை. தாய்மொழி இருக்கும்போது வேறொரு மொழியில் மனத்தைத் திறப்பது சரியா? கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

வீரமாமுனிவரை நமக்கெல்லாம் தெரியும். 1680இல் இத்தாலியில் பிறந்தவர். தமிழகம் வந்து தமிழ் படித்து, 3,600க்கும் மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அது கிறிஸ்துவக் காப்பியம்; நம் சமயம் வேறு. ஆனாலும் அவர் தமிழை நாம் கொண்டாடுகிறோம். 1968இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். 'பெற்ற மொழியை விட்டு வந்தவர்' என்று நம்மில் யாராவது அவரைத் திட்டியதுண்டா? அடுத்தவர் நம் மொழிக்கு வந்தால் அன்பு, நம்மவர் அடுத்த மொழிக்குப் போனால் துரோகம் என்றால், தராசு ஒன்றுதானா?

"தம்பி, இத்தாலி மொழிக்கு ஒரு நாடே இருக்கு. இங்க நாம சிறுபான்மை. ஒவ்வொரு பிள்ளையும் நமக்கு முக்கியம்" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான பயம்தான். அந்தப் பயத்துக்கு மலாக்காவிலேயே ஒரு சாட்சி உண்டு.

மலாக்கா செட்டிகள் பல தலைமுறைகளாக மலாய் பேசுகிறவர்கள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. பொங்கல் கொண்டாடுகிறார்கள், முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற டொண்டாங் சாயாங் கலையில், பந்துனைப் பாட்டாகப் பாடுவார்கள். அதில் செட்டிகளுக்கும் பங்குண்டு. சமயம் நிலைத்தது, வீட்டுப் பேச்சில் தமிழ் நிலைக்கவில்லை. பந்துன் பாடியதாலா போனது? அங்கே குடும்பம் நடத்தும் மொழியே மலாயாகிவிட்டது.  அப்படியானால் நாம் காவல் போட வேண்டிய இடம் கவிதை நோட்டா, சாப்பாட்டு மேசையா?

இனி, மலாய் எனக்கு என்ன தந்தது என்று சொல்கிறேன். பந்துனுக்கு நான்கு வரி. முதல் இரண்டு வரியைப் 'பெம்பாயாங்' என்பார்கள். மழை, மரம், ஆறு என்று ஏதாவது ஒரு காட்சி அதில் இருக்கும். சொல்ல வந்த விஷயம் கடைசி இரண்டு வரியில் வரும். முதல் வரிக்கு மூன்றாவதும், இரண்டாவதுக்கு நான்காவதும் இயைபு சேர வேண்டும்.

தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டியைப் பற்றி ஒரு பந்துன் எழுதினேன். மழை பெய்தால் பால் மங்கில் தண்ணீர் சேர்ந்துவிடும். அன்றைய உழைப்பு வீண். முதல் இரண்டு வரியில் அதை வைத்தேன், அடுத்த இரண்டில் பாட்டியை. தமிழில் என்றால் 'தியாகச் சுடர்', 'அன்புத் தெய்வம்' என்று மேடைச் சொற்கள் தானாக ஓடி வரும். மலாயில் அப்படி ஓடி வர எனக்குச் சொல் இல்லை. ஒவ்வொன்றையும் தேடி, நிறுத்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கத்தோடு தமிழுக்கு வந்தால் தமிழே புதிதாகத் தெரிகிறது. இயற்கைக் காட்சிக்குள் மனத்தை மறைத்துச் சொல்லும் உள்ளுறை உவமம் நம் சங்கப் பாடல்களில் இருக்கிறது. பள்ளியில் பரீட்சைக்குப் படித்த பெயர்தான் அது. பெம்பாயாங் எழுதிப் பார்த்த பிறகுதான் அதன் ருசி எனக்குப் புரிந்தது.

ஆனால் இதை வைத்து ஒரு சாக்குச் சொல்லக் கூடாது. மலாயில் எழுதுவது தவறில்லை என்பதால் தமிழுக்கு நான் பட்ட கடன் தீர்ந்துவிடாது. 'ஏ கிடைக்காது' என்று எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியத்தை விடுகிறோமே, தமிழில் கேட்கும் தாத்தாவுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறோமே, அங்கேதான் தமிழுக்குக் காயம். அந்தக் காயத்தைச் செய்கிறவர் பலர் எந்த மொழியிலும் கவிதை எழுதாதவர்கள்.

ஆகவே எனக்கு நானே ஒரு நியமம் வைத்திருக்கிறேன். மலாயில் ஒன்று எழுதினால், அதையே தமிழிலும் எழுதிப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாக இல்லை, புதிதாக. வீட்டில் தம்பி தங்கையிடம் தமிழில்தான் பேச வேண்டும். கஷ்டமான விரதமெல்லாம் இல்லை. விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இளைஞர்களே, உங்களுக்குப் பிடித்த மொழியில் தாராளமாக எழுதுங்கள். எழுதியதை ஒரு முறை தமிழில் பாட்டிக்குச் சொல்லிக் காட்டுங்கள். சொல்ல முடிந்தால் கவலை வேண்டாம். முடியவில்லை என்றால், வேலை எங்கே பாக்கி இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.