கேட்பாரற்ற பாட்டு

கவனிப்பாரின்றிக் கிடக்கும் எதையும் 'கேட்பாரற்றது' என்று சொல்வது நம் வழக்கம். வேலியிழந்த நிலமும், பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்ட பின் பூட்டிக் கிடக்கும் வீடும், சாட்சியில்லாத வழக்கும் கேட்பாரற்றவைதாம். அங்கெல்லாம் கேட்டல் என்பது விசாரித்தலையே குறிக்கிறது, செவிக்கு அதில் வேலையில்லை. ஓர் இசை கேட்பாரற்றுப் போனால் மட்டும் அச்சொல்லின் இரண்டு பொருளும் ஒருங்கே வந்து அதன் தலைமேல் விழுகின்றன. நிலம் கேட்பாரற்றுக் கிடந்தாலும் நிலமாகவே கிடக்கிறது, மழை வந்தால் புல்லாவது முளைக்கிறது. இசை அவ்விதம் கிடக்க வல்லதா, கிடப்பதாயின் எவ்விடத்தில் கிடக்கிறது என்பதே சில மாதங்களாக என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் கேள்வி.

இதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவர் மாக்ஸ் ரேகர் என்னும் ஜெர்மானியர். 1873-இல் பவேரியாவின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 43 ஆண்டுகளே வாழ்ந்து, 1916-இல் லைப்சிக் நகரில் மறைந்த அவர், அந்தக் குறுகிய ஆயுளுக்குள் ஒரு மனிதன் எழுதக்கூடியதா என்று மலைக்கும் அளவுக்கு எழுதிக் குவித்தவர். அவருடைய வயலின் கான்செர்ட்டோ, அதாவது ஒற்றை வயலினும் பெரியதொரு வாத்தியக் குழுவும் ஒன்றையொன்று வினவியும் மறுத்தும் இணங்கியும் செல்லும் அமைப்பு, 1908 அக்டோபர் 15 அன்று அந்த லைப்சிக் நகரிலேயே, ஆர்தர் நிகிஷ் குழுவை நடத்த, ஹென்றி மார்தோ வயலின் வாசிக்க அரங்கேறிற்று. மூன்றே பகுதிகள், ஆயினும் முழுவதும் வாசித்து முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது, முதற்பகுதி ஒன்றே அரை மணியை நெருங்கிவிடுகிறது. பிராம்ஸின் கான்செர்ட்டோ 40 நிமிஷத்தில் முடிந்து மேடைதோறும் வாழ்ந்துகொண்டிருக்க, இதுவோ நூறாண்டுக்கு மேலாக அலமாரியில் உறங்கி, எப்போதேனும் ஒரு பிடிவாதக்காரர் கையில் எடுக்கும்போது மட்டும் கண் விழிக்கிறது. அப்பிடிவாதக்காரருள் முதல்வர் அடோல்ஃப் புஷ். பதினேழு வயதுச் சிறுவனாக அதை மனப்பாடம் செய்து ரேகரின் முன்னிலையிலேயே வாசித்தவர். பிற்காலத்தில், வாத்தியக் குழுவின் அடர்த்தி வயலினை விழுங்கிவிடுகிறது என்று கருதி, அவ்வடர்த்தியைக் குறைத்துத் திருத்தியும் பார்த்தவர். பற்றின் மிகுதியால் ஒருவர் தாம் பக்தி செலுத்தும் மூர்த்திக்கே அலங்காரத்தைக் குறைக்கத் துணிந்தார் என்றால், அந்தப் படைப்பின் குறை என்ன, அதன்பால் அவர் கொண்ட பிரேமை எத்தகையது என்பவை இரண்டும் அதிலேயே தெரிந்துவிடுகின்றன.

குறையுள்ளதுதான். ரேகருக்கு ஒரு ஸ்வரத்தைத் தனியே விட மனம் வருவதில்லை. அதற்கு ஒரு துணை, துணைக்கு ஒரு எதிர், எதிருக்கு ஒரு நிழல் என்று கூட்டிக்கொண்டே போகிறார். முதற்பகுதியில் சில இடங்கள் கரும்பு ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவதைப் போலவே இருக்கின்றன. ஆனால் நடுவில் வரும் மெதுவான பகுதியில் வயலின் தன் பாரத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு நெடுமூச்சாகப் பாடும்போது, இதற்காகவா அவ்வளவு தூரம் நடத்தி அழைத்து வந்தார் என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்துக் கேட்டும் பார்த்தேன். நன்றாகவே இருந்தது, ஆனால் அது இல்லை. ஏறி வராதவனுக்கு மலையுச்சிக் காற்றும் காற்றுதான், வேறொன்றுமில்லை.

இங்கே நம் சாஸ்திரகாரர்களைத் துணைக்கு அழைப்பது விநோதமாகப் படலாம். அவர்கள் வேத வாக்கியத்தின் பிராமாண்யத்துக்காக வாதித்தார்களேயன்றி வயலினுக்காக வாதிக்கவில்லை. ஆயினும் ஒலியின் இருப்பைப்பற்றி அவர்களைக்காட்டிலும் நுணுகிச் சிந்தித்தவர்களை நான் அறியேன். மீமாம்ஸகர் கொள்கைப்படி சப்தம் நித்தியமானது. நாம் எழுப்பும் த்வனி, இருட்டறையில் கொண்டுபோகும் விளக்கு குடத்தைக் காட்டுவதைப்போல, ஏற்கெனவே உள்ளதைக் காட்டுகிறதேயன்றிப் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. இதை நம் விஷயத்துக்கு நீட்டிப் பார்த்தால் ரேகரின் கான்செர்ட்டோவுக்கு ஒரு குறையும் இல்லை. வாசித்தாலும் வாசியாவிட்டாலும் அது உண்டு. கேட்பாரற்றுப் போனது நம்முடைய நஷ்டமேயொழிய அதற்கு ஒன்றும் இல்லை. நெடுநாள் நானும் இந்த எண்ணத்தில் ஆறுதல் கொண்டிருந்தேன். ஆறுதலாக இருப்பதே அதன்மேல் எனக்குச் சந்தேகத்தையும் விளைவித்தது. நியாய சாஸ்திரமோ தயவு தாட்சணியமில்லாமல் பேசுகிறது: ஒலி ஆகாயத்தின் குணம்; ஒரு கணத்தில் பிறக்கிறது, அடுத்த கணத்தில் நிற்கிறது, அதற்கடுத்த கணத்தில் அழிகிறது. அப்படியானால் ஒரு மணி நேர இசை என்பதாக ஒன்று எந்தக் கணத்திலும் உலகில் இருந்ததே இல்லை. இருந்ததெல்லாம் ஒவ்வொரு கணத்துக்கும் உரிய ஒரு துணுக்கு மட்டுமே. அரங்கேறிய அன்று லைப்சிக்கிலும் அது முழுமையாக இருக்கவில்லை.

அது எவ்விடத்தில்தான் முழுமை பெறுகிறது? மீமாம்ஸகருள்ளே சபர சுவாமி, சொல் ஒன்றின் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோக, பொருள் எவ்வாறு விளங்குகிறது என்று தாமே வினவி, முன்னெழுத்துக்கள் பதித்துச் சென்ற ஸம்ஸ்காரங்களோடு கூடிய கடைசி எழுத்தே பொருளை உணர்த்துகிறது என்று விடை கூறினார். பர்த்ருஹரி வேறு கட்சிக்காரரானாலும், ஒலிகள் புத்தியில் விதைகளை இடுகின்றன, மீண்டும் மீண்டும் ஓதுவதாகிய ஆவிருத்தியால் புத்தி பக்குவப்படுகிறது, பக்குவப்பட்ட அப்புத்தியிலேதான் கடைசி ஒலியோடு முழுமை பளிச்சிடுகிறது என்றார். ஒரு முறை ஓதினால் நில்லாத சுலோகம் பலமுறை ஓதினால் வசமாவதை உதாரணமாகவும் காட்டினார். இருவர் சொல்வதிலும் ஒரு பொதுவுண்மை இருக்கிறது: நெடியதொன்றை நெடியதாக ஆக்குகிறவன் கேட்பவனே. வாசிப்பவன் துணுக்குகளைத் தருகிறான். முன்னது போகாமல் பிடித்து வைத்துப் பின்னதோடு முடிச்சிடுவது செவிக்குப் பின்னால் இருக்கும் ஒன்று. ஆகவே கேட்பாரற்றுப் போன இசை, பூட்டிய வீட்டைப்போல எங்கோ கிடக்கவில்லை. அது இல்லை. காகிதத்தில் அதற்கான குறிப்புகள் இருக்கின்றன, அவ்வளவே.

இவ்வளவோடு நின்றிருந்தால், சிரத்தையோடு கேளுங்கள் என்று ரஸிகர்களுக்கு உபதேசம் செய்துவிட்டு நானும் ஓய்ந்திருப்பேன். என்னை அப்படிச் செய்யவொட்டாமல் தடுத்தது கள்ளக்குறிச்சிச் சீமையின் கூத்து.

இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும் நாட்களில் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் சொல்வார். (வில்லிபுத்தூராரும் அயலாரல்லர், இதே திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர்.) இரவு பத்து மணிக்குமேல் திரை பிடித்துக் கூத்துத் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும்வரை நடக்கும். கட்டியக்காரன் ஹாஸ்யம், முகவீணையின் கீச்சுக் குரல், பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வோர் அடியையும் வாங்கித் திருப்பிப் பாடுவது, அரிதாரம் பூசிய ராஜா ஒரு முறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் கால் மணி என்று எல்லாமே அவசரமில்லாதவை. ஒரே கதை இரவு பல தொடர்ந்து, படுகளத்தில் துரியோதனனை வீழ்த்தித் தீ மிதித்துத்தான் முடியும். அத்தனை நீளத்துக்கு முன்னால் ரேகரின் ஒரு மணி நேரம் ஒரு வெண்பா. அந்த நீளத்தை ஊரார் எவ்விதம் கேட்கிறார்கள்? உறங்கிக்கொண்டே கேட்கிறார்கள். கோணிப்பையும் பாயும் விரித்துப் பாதி ஊர் படுத்திருக்கும். குழந்தைகள் முதல் வேஷம் வருமுன்பே தூங்கிவிடும். கிழவர்கள் நடுச்சாமத்தில் எழுந்து வெற்றிலை போட்டுச் சிறிது நேரம் பார்த்துவிட்டு மறுபடி சாய்வார்கள். அர்ச்சுனன் தபசு நடக்கும் இரவொன்றில், பக்கத்தில் உறங்கிக்கிடந்த மூதாட்டி திடுமென்று எழுந்து உட்கார்ந்து, "மரம் ஏறிட்டாரா?" என்று கேட்டாள். "இன்னும் பாதி மரந்தான் ஆயா" என்றான் ஒரு பையன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடம் என்று ஒன்று இல்லாதவளாய், நேரே அந்தப் பாதி மரத்திலேயே கதையோடு சேர்ந்துகொண்டாள்.

கேட்பவன் இழைகளை அறாமல் பிடித்திருக்க வேண்டும் என்று சாஸ்திரம் சொல்ல, இவளோ இரண்டு ஜாமம் கைவிட்டுவிட்டு ஒன்றையும் இழக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது: ஸம்ஸ்காரம் அவள் ஒருத்தியின் சொத்தன்று. அவள் உறங்கியபோது பையன் பிடித்திருந்தான். பையன் உறங்கும்போது வேறொருவர் பிடித்திருப்பார். எல்லோரும் உறங்கினாலும் போன வருஷமும் அதற்கு முந்திய வருஷமும் பிடித்திருக்கும். பர்த்ருஹரி சொன்ன ஆவிருத்தி இங்கே ஓர் ஊரின் ஆவிருத்தியாக இருக்கிறது. ரேகர் கேட்பாரற்றுப் போனதற்கு நீளத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் பாதியே சரி என்று நான் எண்ணுவதும் இதனால்தான். அந்த ஒரு மணி நேரத்தை, முன்பின் கேட்டறியாத ஒருவன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணயராமல், இருமாமல், தன்னந்தனியே தாங்க வேண்டியிருக்கிறது. ஊர் இழுக்கும் தேரை ஒற்றை ஆள் தோளில் ஏற்றினால், குற்றம் தேரின் கனத்திலா, வடம் பிடிக்க ஆளில்லாததிலா?

இதே மாவட்டத்துத் திருக்கோவலூர் இதை வேறொரு வகையில் எப்போதோ சொல்லிவிட்டது. மழை கொட்டும் ஓர் இரவு, ஆச்சிரமம் ஒன்றின் இடைகழியில் ஒருவர் படுக்கலாம் என்றிருந்த இடத்தில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். பூதத்தார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். பேயார் வந்ததும் மூவரும் நின்றார்கள். பிறகு நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தார்கள் என்பது ஸம்பிரதாயம். முதல்வர் உலகத்தையே விளக்காக ஏற்றிப் பாடினார், இரண்டாமவர் அன்பை விளக்காக ஏற்றினார், மூன்றாமவரோ விளக்கேற்றவில்லை. கண்டேன் என்று மட்டும் சொன்னார். படுக்க இடமிருந்தவரைக்கும், உட்கார இடமிருந்தவரைக்கும் அந்த நெருக்கம் நேரவில்லை என்பதை உரையாசிரியர்கள் எப்படி விரித்தாலும், எனக்குப் படுவது எளியது: ஒருவர் மட்டுமே இருந்த இடைகழியில் அந்த அநுபவம் முழுமை பெறவில்லை. அவர்கள் மூவர் பாடியவையும் சேர்ந்த நாலாயிரமுமே ஒரு காலத்தில் கேட்பாரற்றுப் போயிற்று என்பதும், காட்டுமன்னார்கோயிலில் வழிப்போக்கர் சிலர் பாடிய பத்துப் பாட்டில் 'ஓராயிரத்துள் இப்பத்தும்' என்று வந்த கணக்கைக் கேட்டுத்தான் நாதமுனிகள் மிச்சத்தைத் தேடிப் புறப்பட்டார் என்பதும் யாவரும் அறிந்த கதை. துணுக்கைக் கேட்டு அதோடு திருப்தியடையாமல் முழுதுக்கு ஏங்குகிற செவி ஆயிரம் செவிகளில் ஒன்றாகத்தான் இருக்கும். அது இல்லையேல் வழிப்போக்கர்கள் பாடிவிட்டுப் போயிருப்பார்கள்.

சென்ற தை மாதம் ஒரு வேலையாகக் கச்சிராயபாளையம் வழியே கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை போயிருந்தபோது, கூத்தில் முகவீணை வாசிக்கும் பெரியவர் ஒருவர், சமவெளிக்காரர், உறவினர் வீட்டு விசேஷத்துக்காக அங்கே வந்திருந்தார். மாலையில் சாலையோரத் திட்டில் உட்கார்ந்திருந்தோம். சாமை அறுத்த கொல்லைகளின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் காதில் மாட்டியிருப்பது என்னவென்று அவர் கேட்க, வயலின்தான், ஆனால் நம்முடையதன்று, பாலுஸ்வாமி தீக்ஷிதர் நம் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு வருவதற்குமுன் அதற்கென்று இருந்த ஊரிலிருந்து வந்தது என்றேன். ஒரு குமிழைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். கம்பி குட்டை, இருவரும் தோள் இடிக்க நெருங்கி உட்கார வேண்டியதாயிற்று.

பத்து நிமிஷம் அவர் ஒன்றும் பேசவில்லை. விரல்கள் மட்டும் தொடைமேல் எதையோ தேடிக்கொண்டிருந்தன. பிறகு, "என்ன சார் இது, பின்பாட்டுக்காரங்க ஓயவே மாட்டேங்கிறாங்க" என்றார். புஷ் சொன்ன குறையை அவரும் அவ்விதமே கண்டுபிடித்ததில் எனக்கு ஏற்பட்ட ஸந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, நிறுத்திவிடட்டுமா என்றேன். அவர் கையமர்த்தினார்.

"மொதல்ல ஒண்ணு வந்துச்சே, வயலின் எடுத்ததும் பாடுனது. அது திரும்ப வருமா?"

"வரும் வாத்தியாரே. ஆனா வேஷம் மாறி வரும்."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"இன்னும் ஒரு கால் மணி."

"அப்ப இருங்க" என்று துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, அவர் திட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.