வாலாட்டும் உடம்புக்கு என்ன வேண்டும்?

1987-இல் அமெரிக்காவின் பியூரினா தீவன நிறுவனம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஈற்றில் பிறந்தவை, ஒரே பாலினம். இரண்டுக்கும் தீவனம் ஒன்றுதான். ஆனால் ஒன்று தின்ற அளவில் முக்கால் பங்குதான் மற்றதற்குக் கிடைத்தது. கடைசி நாய் சாகும்வரை கணக்கெடுத்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. நிறையத் தின்ற கூட்டத்தின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, அளவாகத் தின்ற கூட்டத்துக்கு 13 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் இரண்டாம் கூட்டத்துக்குத் தாமதமாகவே வந்தது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதல் வாழ்வு, அதுவும் ஒரு மருந்தும் இல்லாமல். நாய் வளர்ப்பவர்களை நீண்ட நேரம் யோசிக்க வைக்க வேண்டிய செய்தி இது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும் நாய்க்குக் கையில் இருப்பதைப் பிய்த்துப் போடுவதுதான் பிரியம் என்று பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். போட்டதும் வால் ஆடுகிறது, போட்டவர் மனம் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி நாயின் உடம்புக்கு நல்லதா என்ற கேள்வி அந்த நேரத்தில் எழுவதில்லை.

லாப்ரடாரின் கண்ணில் தெரியும் பசியை நம்பவும் கூடாது. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்த இனத்தில் ஒரு மரபணுக் குறையைக் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்த செய்தியை மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்குள்ள மரபணு அது. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இந்தக் குறை இருந்தது. எவ்வளவு தின்றாலும் 'போதும்' என்ற உணர்வு அவற்றுக்குச் சரியாக வருவதில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் மிக அதிகமாகக் காணப்படும் நாய்களில் ஒன்று லாப்ரடார். அப்பா காலையில் ஒரு பிஸ்கட், பாட்டி மதியம் இட்லியில் பாதி, பிள்ளைகள் மாலையில் சிப்ஸ் என்று கொடுக்கும்போது, ஒவ்வொருவருக்கும் தான் கொடுத்தது மட்டுமே கணக்கில் இருக்கும். வீடு முழுக்கக் கொடுத்ததைக் கூட்டிப் பார்ப்பவர் யாருமில்லை. அதை எடையாகச் சுமப்பது நாயின் இடுப்பு மூட்டு.

நாய் சரியான எடையில் இருக்கிறதா என்று அறியக் கருவி எதுவும் தேவையில்லை. விலாவில் உள்ளங்கையை வைத்தால் அழுத்தாமலே எலும்புகள் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்றுக் குறுகித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் தென்மாவட்ட வேட்டை நாய்களுக்கு விலா எலும்பு கண்ணுக்கே தெரியும். அவற்றின் உடலமைப்பே அப்படி. அவற்றைப் பார்த்து, "சோறு போடறீங்களா இல்லையா?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து பெருக்க வைப்பது அந்த இனத்துக்குச் செய்யும் கேடு.

எவ்வளவு என்பதைப் போலவே எது என்பதும் முக்கியம். நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே அதற்கு இறைச்சி மட்டுமே ஏற்றது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2013-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு அதைத் திருத்தியது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகள்தான். நாய்களுக்கு நான்கிலிருந்து முப்பதுவரை. மனிதரோடு சேர்ந்து வாழ்ந்து, அவர் போட்ட தானியத்தைத் தின்று பழகிய உடம்பு அது. சோறு நாய்க்கு ஆகாத பொருள் இல்லை.

ஆனால் சோறு மட்டும் போதாது. வளர்ந்த நாயின் உணவில், ஈரம் நீக்கிய கணக்கில், குறைந்தது 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது தீவனத் துறையில் பின்பற்றப்படும் அளவு. வளரும் குட்டிக்கு 22.5 சதவீதம். அரிசியில் இருப்பது ஏழெட்டு சதவீதம். தயிர் சாதத்திலேயே வளரும் நாய் பட்டினி கிடப்பதில்லை, ஆனால் தசை மெலிந்து மயிர் உதிர்ந்து போகும். முட்டை, மீன், கோழி என்று ஏதாவது ஒன்று சேர வேண்டும். சைவ வீடுகளில் முட்டைக்கும் இடமில்லை என்றால், மருத்துவரைக் கலந்து முழுமையான தீவனம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நேர்மையான வழி. குட்டி பெரிதாக வளரட்டும் என்று மருந்துக்கடையில் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றும் வழக்கமும் நின்றால் நல்லது. கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு மிகுதியான கால்சியமே எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கிவிடும்.

வீட்டுக்குள்ளேயே நஞ்சும் இருக்கிறது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைத் தாறுமாறாக ஓடவைக்கும். வெங்காயம் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; குழம்பில் வெந்து கரைந்திருந்தாலும் அந்தக் குணம் போவதில்லை. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் மிஞ்சிய கிஸ்மிஸை நாய்த்தட்டில் போடும் கை இதை அறிந்திருக்க வேண்டும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தும். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பில் மிஞ்சும் எலும்பைப் பற்றித்தான் அதிகம் சண்டை வரும்: "எங்க வீட்டு நாய் காலங்காலமா எலும்பு தின்னுதே!" வெந்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாகப் பிளக்கும்; குடலைக் கிழித்த பிறகு அறுவை மேசைதான் வழி.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். மனிதக் கையால் தொட்டால் எப்போதும் கொஞ்சம் சுடும். காய்ச்சல் என்று எண்ணி வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த மாத்திரை நாயின் கல்லீரலைப் பதம் பார்க்கும். ஐபுபுரோபென் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் புண்ணையும் பழுதையும் உண்டாக்கும். நமக்கு ஆகும் மருந்து அதற்கும் ஆகும் என்ற நம்பிக்கைக்கு நாயின் உடம்பில் ஆதாரமே இல்லை.

வெயிலின் கதை இதைவிடக் கவலைக்குரியது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில்தான். உடம்பைக் குளிர்விக்க அதற்கு முக்கியமான வழி, நாக்கை நீட்டி இளைப்பது. காற்றில் ஈரப்பசை கூடினால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். சைபீரியப் பனியில் வண்டி இழுக்க வளர்க்கப்பட்ட ஹஸ்கி, இரட்டை மயிர்ப்போர்வையோடு சென்னையின் மே மாதத்தில் என்ன பாடுபடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகியது. அழகு என்று விலை கொடுத்து வாங்குவது அந்தச் சப்பை மூக்கைத்தான். நம் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த கோம்பையும் சிப்பிப்பாறையும் இருக்க, குளிர்நாட்டு நாயை வாங்கி ஏசி அறைக்குள் அடைப்பதை எந்தப் பிரியத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் மட்டுமே வெளியே கூட்டிப்போகட்டும். தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடி வைத்துப் பார்த்தால் அதன் பாதம் படும் பாடு தெரியும். உடல் வெப்பம் 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். நிறுத்திய காருக்குள் அந்த நிலை வர, கடைக்குள் போய்த் திரும்பும் நேரமே போதும்.

சென்னைக்கும் நாய் நோய்களுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1910-இல் பேட்டன் என்ற ஆய்வாளர், வெள்ளைக்காரர்கள் நரிவேட்டைக்காக இங்கே வைத்திருந்த 'மெட்ராஸ் ஹன்ட்' கூட்டத்து நாய்களின் இரத்தத்தில் ஒரு புதிய ஒட்டுண்ணியைக் கண்டார். இன்று உலகம் முழுவதும் பபேசியா கிப்சோனி என்று அறியப்படும் கிருமி அது. சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். உண்ணிக்கடி வழியாகப் பரவும். நூறு ஆண்டுக்கு மேலாகியும் அது நம் ஊரை விட்டுப் போகவில்லை. அதோடு எர்லிக்கியா என்ற இன்னொரு உண்ணிக்காய்ச்சலும் சேர்ந்துகொள்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்களை நூற்றுக்கணக்கில் கொன்ற நோய் அது. இரத்தத்தட்டுகள் குறைந்து மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகும்போதுதான் பல வீடுகளில் கவனிக்கிறார்கள். அதற்கு முன்பே நாய் சோர்ந்து படுத்திருக்கும், ஈறு வெளுத்திருக்கும். "ரெண்டு நாளா சாப்பிடல டாக்டர்" என்று மருத்துவரிடம் சொல்லப்படும் முதல் வாக்கியத்துக்கு முன்னால் பல நாள் நோய் மறைந்திருக்கும். நாய் வலியைச் சொல்லாது, முடிந்தவரை மறைக்கும்.

அதனால்தான் கையால் தடவுவதற்கு ஒரு முறை இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடிப்புறம், விரலிடுக்கு, அக்குள் ஆகியவைதான் உண்ணி ஒளிந்திருக்கும் இடங்கள். கொஞ்சும் கை அந்த இடங்களையும் தொட்டு வந்தால் அது நோய் தேடும் கையும் ஆகிவிடும். நாயின் மேல் தெரியும் உண்ணிகளை மட்டும் பிடுங்கிப் போட்டுப் பயனில்லை. அவை முட்டையிடுவது சுவர் விரிசலிலும் கட்டில் அடியிலும்தான். வீட்டையும் சேர்த்தே சுத்தம் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து வீட்டாருக்கும் வரலாம்.

தடுப்பூசி பற்றி எல்லாருக்கும் தெரியும் என்றே நினைக்கிறோம். ஒரு நுட்பம் மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள்கள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி முழுப்பலன் தராது. அவை எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறெட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு, "போட்டாச்சே" என்று தெருவில் இறக்கிவிட்ட குட்டிகள்தான் பார்வோவுக்கு இரையாகின்றன. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய அந்த வைரஸ், வாந்தியும் இரத்தக்கழிச்சலுமாகச் சில நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும்.

ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில், பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்றும் பெரியவர்கள் பேச்சில் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் உருவானது. இப்போது அது இல்லை. கையில் போடும் ஊசிகள் வந்துவிட்டன. மாறாதது ஒன்றுதான்: அறிகுறி தோன்றிய பிறகு ரேபிஸிலிருந்து பிழைத்தவர் அரிதிலும் அரிது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்ற சமாதானம் வேண்டாம். பெண் நாய்க்குக் கருத்தடை செய்வதைப் பாவம் என்று தள்ளிப்போடுபவர்களுக்கும் ஒரு சொல். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு நடுவயதில் கருப்பையில் சீழ் கட்டும் நோய் சாதாரணமாக வரும். கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

எல்லாவற்றையும் செய்துவிட்டு நாயை மாடிப்படிக்குக் கீழே நாள் முழுக்கக் கட்டிப்போடும் வீடுகளும் இருக்கின்றன. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவது குற்றம். அறுபது ஆண்டுக்கு மேலான சட்டம் இது. காவலுக்கென்று நாய் வாங்குவோரில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்? திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், பல்லவர் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்து நின்றதைப் பெயரோடு கல்லில் எழுதி வைத்தார்கள். கோவிவனுக்கு ஓட நிலமும் செய்ய வேலையும் இருந்தன. இன்றைய அடுக்குமாடி நாய்க்கு இரண்டும் இல்லை. காலையும் மாலையும் தோல்வாரோடு போகும் அந்த நடைதான் அதற்கு வேட்டை, காவல், ஊர்ச் செய்தி எல்லாம். சிறுநீர் கழித்ததும் இழுத்துக்கொண்டு வீடு திரும்பாமல், அது நின்று முகர்ந்து பார்க்க நேரம் கொடுப்பதும் உடல்நலத்தில் சேர்ந்ததுதான். மெல்ல எதுவும் இல்லாமல், அலைய இடம் இல்லாமல், நாள் முழுக்கத் தனித்திருக்கும் நாய்தான் சோபாவைக் கிழிக்கிறது, ஓயாமல் குரைக்கிறது. பிறகு "அடங்காத நாய்" என்ற பெயரும் வாங்குகிறது.

முதுமையைப் பற்றி வீடுகளில் பேச்சே எழுவதில்லை. பெரிய இனங்கள் ஏழெட்டு வயதிலேயே கிழடாகத் தொடங்கும். வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ என்று பார்க்க வேண்டும். வாய் நாற்றம் 'நாய் வாடை' இல்லை, பெரும்பாலும் பல்நோய். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் சறுக்கும் கிழ நாய்க்கு ஒரு பழைய பாய் விரித்துவிட்டால் எழுந்து நிற்கும். குட்டி வாங்கும் நாளில் பத்தாம் வகுப்பில் அடம்பிடித்த பிள்ளை, அதன் கடைசிக் காலத்தில் வேலைக்காக வேறு ஊரில் இருப்பான். இடுப்பு விழுந்த முப்பது கிலோ லாப்ரடாரை மூன்று மாடி இறக்கி ஆட்டோவில் ஏற்றப்போவது, அறுபதைத் தொட்ட அப்பாவும் அம்மாவும்தான். அது தங்களால் முடியுமா என்பதையும் குட்டியின் விலை பேசும்போதே அவர்கள் கணக்குப் பார்த்துவிட வேண்டும்.