ஏன் திரும்பி வந்தீர்கள்?

ஓராண்டுக் காலம் இங்கிலாந்தில் வாழ்ந்துவிட்டு, 2023 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் யாழ்ப்பாணம் திரும்பிய எமது குடும்பத்தை நோக்கி ஊரவர் கேட்ட கேள்வி ஒன்றேயாகும். "ஏன் திரும்பி வந்தனீங்கள்?" படலையைத் திறந்து பெட்டிகளை இறக்கி வைப்பதற்கு முன்னரே அயலவர் கேட்டனர், மறுநாள் சந்தையிற் கேட்டனர், பாடசாலையில் ஆசிரியர் ஓய்வறையிலே பலர் கூடிநின்று கேட்டனர். "பிள்ளையளின்ரை எதிர்காலத்தை யோசிச்சனீங்களோ?" என உடன்பிறந்தோரே கடிந்துகொண்டனர். இக்கேள்வியிற் பகை இல்லை, அன்பே உண்டு. அன்பினாற் கேட்கப்படுவதனாலேயே இதனைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது. தன் மக்களுள் ஒருவர் வீடு திரும்பும்போது அதற்குக் காரணங் கேட்கும் ஒரு சமுதாயம், தன்னைப் பற்றித்தான் என்ன கருதுகிறது?

நாம் புறப்பட்ட காலத்தை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். 2022 ஏப்ரலில் அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. எரிபொருளுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். நின்றவாறே சிலர் இறந்தும் போயினர். அவ்வாண்டு ஜூனில் வெளியான அரச சுற்றுநிருபமொன்று, அரச ஊழியர் ஐந்தாண்டுகள்வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு செல்லலாம் என்றது. போய் டொலர் அனுப்புங்கள் என அரசே தன் ஊழியரை வழியனுப்பிய காலம் அது. எமது துணைவியாருக்கு ஓராண்டு முதுமாணிப் படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவதாக அவர் ஒப்பமிட்டுக் கொடுத்தார். இரு பிள்ளைகளோடு நாமும் உடன் சென்றோம். வீட்டுத் திறப்பையும் நோயுற்றிருந்த தாயாரையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்தோம். (அந்த ஒப்பத்தைப் பற்றிப் பின்னர் நாம் நினைவூட்டியபோதெல்லாம், "அதை ஆர் பாக்கப்போயினம்?" என்பதே பதிலாயிருந்தது. பிள்ளைகளுக்கு வாய்மையைக் கற்பிக்கும் ஆசிரியர் சிலரும் அவ்வாறு பதிலுரைத்தனர் என்பதைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை.)

லெஸ்ரர் நகரின் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் எமக்கு வேலை கிடைத்தது. முதியோரை நீராட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல் ஆகியன எமது பணிகள். தமிழிற் சிறப்புப் பட்டம் பெற்றவர் செய்யும் வேலையா இது என முதல் வாரத்தில் மனம் கூசியது உண்மை. திருத்தப்படவேண்டியிருந்தது அம்மனமேயன்றி அவ்வேலையன்று. அங்கு நினைவு தளர்ந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். பிற்பகல் நான்கு மணியானதும் மேலங்கியை அணிந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நிற்பார். "வீட்டுக்குப் போகவேண்டும், நேரமாகிவிட்டது" என்பார். அந்த வீடு, அவரது பராமரிப்புச் செலவுக்காக விற்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைத் தேற்றி, தேநீர் கொடுத்து இருத்துவது எமது பொறுப்பு. அதே வேளையில் யாழ்ப்பாணத்தில் எமது தாயாரைப் பக்கத்து வீட்டு அக்கா நீராட்டிக்கொண்டிருந்தார். நாம் பிறர் தாயைப் பேணி ஊதியம் பெற்றோம். எம் தாயைப் பேணியவர் ஊதியமின்றிப் பேணினார். அனுப்பிய பணத்தை அவர் வாங்கவில்லை. பொருளியல் நூல் எதிலும் எழுதப்படாத இந்தக் கணக்கு எம்மை நெடுநாள் உறுத்தியது.

ஆதலால், நாட்டுப்பற்றினாலே திரும்பினோமென மார்தட்ட நாம் முன்வரவில்லை. தாயார் இருந்தார், ஒப்பம் இருந்தது, களைப்பும் இருந்தது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனைத் துய்த்தவர் நாட்டுக்குக் கடன்பட்டவர் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின் அக்கடன் யாருக்கு உரியது? ஊழியரை வெளியே அனுப்பிவிட்டு அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் அரசுக்கா? இந்நாட்டின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டியெழுப்பிய செல்வத்திற் பெரும்பங்கு தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தது. அத்தோட்டங்களின் பிள்ளைகளுக்கோ எழுபதுகள்வரை அரசாங்கப் பள்ளி என்பதே அரிதாயிருந்தது. கடன் பட்டிருக்கிறோம் என்பது உண்மையாயின், அம்மக்களுக்கே முதலிற் பட்டிருக்கிறோம். இது தனியே விரித்து எழுதவேண்டிய விடயம்.

கேள்வியிலும் வர்க்கபேதம் உண்டு என்பதை இடையிற் கூறிவைக்கலாம். குவைத்தில் வீட்டுப் பணிபுரிந்துவிட்டு அதே மாதத்தில் எமது ஒழுங்கைக்குத் திரும்பிய பெண் ஒருவரை நோக்கி, "ஏன் வந்தாய்?" என ஒருவரும் கேட்கவில்லை. "எப்ப திரும்பிப் போறாய்?" என்றே கேட்டனர்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். மகளை மீண்டும் பாடசாலையிற் சேர்க்கச் சென்றோம். அவளுடைய இடம் அப்படியே வைக்கப்பட்டிருந்தது. வதிவிடச் சான்று எதனையும் எவரும் கேட்கவில்லை. "உங்கடை பிள்ளைக்கு இல்லாத இடமோ, சேர்" எனக் கூறி இலிகிதர் கதிரை காட்டினார். எமக்கு முன்னரே அங்கு வந்து நின்றிருந்த ஒருவருக்குக் கதிரை காட்டப்படவில்லை. அவர் சோனகத் தெருவைச் சேர்ந்தவர். குடும்பத்தோடு புத்தளத்திலிருந்து மீண்டிருந்தவர். காணி உறுதியின் பிரதியொன்றை வைத்திருந்தார். அது தந்தையின் பெயரில் இருந்தது. வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் இன்னும் புத்தளத்திலேயே இருந்தது. "புத்தளத்திலை நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்குத்தானே. ஏன் இஞ்சை வந்தனீங்கள்?" என்றார் இலிகிதர்.

எம்மிடம் ஊரெல்லாம் கேட்ட அதே கேள்வி. சொற்கள்கூட மாறவில்லை. நாம் கதிரையில் அமர்ந்திருந்தோம். எம்மை அறிந்த இலிகிதர் அவர். நாம் ஒரு சொல் கூறியிருந்தால் கேட்டிருப்பார். கூறவில்லை.

1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அதற்கென வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அந்நாள் ஒக்ரோபர் 30. அப்போது நாம் தொட்டிற் குழந்தை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையிலும் இருளிலும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அவ்வேளை எமக்கு வயது ஏழு. பாட்டனாரின் தோளில் இருந்து அந்தச் சனத்திரளைப் பார்த்தது இன்றும் நினைவிலிருக்கிறது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் நாம் வீடு திரும்பினோம். கூரை ஓடுகள் இல்லை, கதவுகள் இல்லை. ஆயினும் திரும்பிவந்த எம்மை ஏன் வந்தீர்களென எவரும் கேட்கவில்லை. வீடு எம்முடையது என்பதற்குச் சான்று தேவைப்படவில்லை. சோனகத் தெருவாருக்கோ 2009 இல் யுத்தம் முடியும்வரை திரும்பும் வழி பெரும்பாலும் அடைபட்டிருந்தது. திறந்தபோது இருபதாண்டுகள் சென்றிருந்தன. அன்று ஒரு குடும்பமாகச் சென்றவர் நான்கு குடும்பங்களாகத் திரும்பினர். பாட்டனின் இரண்டு பரப்புக் காணி நால்வருக்கும் போதுமா? புத்தளத்திற் பிறந்த பிள்ளைக்குத் தன் ஊர் எது? அவர்கள் விடைகாண வேண்டியிருந்த இவ்வினாக்களுக்கு மேல், நாமும் ஒரு வினாவைச் சுமத்தினோம்.

"எங்களைத்தான் ஆர் வரவேற்றவை?" எனச் சக ஆசிரியர் ஒருவர் இதுபற்றிப் பேசியபோது எம்மிடம் வாதிட்டார். அவர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990 ஜூனில் இடம்பெயர்ந்தவர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அவரது காணியைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கண்ணாற் காணவும் அவருக்கு முடியவில்லை. அவரது துயரை நாம் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. ஆயின் அவ்வாதம் அவருக்கே எதிரானதாகும். 1948 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனத்தின் 13 ஆம் உறுப்புரை, எந்த நாட்டையும் விட்டு நீங்கும் உரிமையையும் தன் நாட்டுக்குத் திரும்பும் உரிமையையும் ஒரே வாக்கியத்திற் கூறுகிறது. மயிலிட்டிக்கும் பலாலிக்கும் திரும்பும் உரிமையைக் கோரும் ஒருவர், சோனகத் தெருவுக்குத் திரும்புபவரிடம் காரணங் கேட்பாராயின், அவர் கோருவது உரிமையன்று, சலுகையே. சலுகையை அளிப்பவன் அதனைப் பறிக்கவும் வல்லவன் என்பதைப் பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பி அவருக்குக் கற்பித்திருக்கவேண்டும்.

இங்குதான் எமது சமுதாயத்தின் முரண்பாடு துலக்கமாகிறது. எம்மவர் பிள்ளைகளை நோக்கி, இந்த மண்ணில் என்ன இருக்கிறது, தப்பியோடுங்கள் என்கிறோம். திரும்பி வந்தால் அறிவீனர் என்கிறோம். அதே மண்ணுக்கு வேறொருவர் திரும்பி வரும்போது, அது விலைமதிப்பற்ற பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது. கதவருகே நின்று காவல் செய்கிறோம். நாம் வாழ விரும்பாத இடத்திற் பிறரும் வாழலாகாது என்பதை ஊர்ப்பற்று என்று அழைக்க இயலுமா? ஊர் என்பது கூடி வாழும் இடமாக அன்றி, பங்குபோட்டுக் கொள்ளும் உடைமையாக எம் மனத்திற் பதிந்துவிட்டதன் விளைவே இரண்டு கேள்விகளும். ஆள் நோக்கி ஒன்று அன்பாகவும் மற்றது பகையாகவும் ஒலிக்கின்றன.

தொட்டிலில் இருந்த நாம் 1990 இற்குப் பொறுப்பாளியா என இளம் ஆசிரியர்கள் கேட்கின்றனர். அதற்கு நாம் பொறுப்பல்லோம். ஆனால் 2023 இல், முப்பத்தைந்து வயதில், ஒரு கதிரையில் அமர்ந்து வாய்மூடியிருந்தமைக்கு வேறு எவர் பொறுப்பு? அந்த ஓராண்டும் பிறநாட்டில் நாம் மதிப்போடு நடத்தப்பட வேண்டுமென எதிர்பார்த்தோம். பஸ்ஸில் ஒருவர் எம்மை நோக்கி உன் நாட்டுக்குப் போ எனக் கூறிய மாலையில், உடன் பயணித்தோர் எவரும் பேசாததே அச்சொல்லைவிட எம்மை வருத்தியது.

அந்தத் தந்தையை டிசம்பர் மாதத்திற் பஸ் நிலையத்திற் கண்டோம். மனைவியும் மூன்று பிள்ளைகளும் பெட்டிகளும் உடனிருந்தனர். "பிள்ளையள் இந்த வருஷமும் அங்கேயே படிக்கட்டும் சேர், பிறகு பாப்பம்" என்றார். எமது முகம் அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ, அதுபற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு பெட்டியைப் புத்தளம் பஸ்ஸில் ஏற்றிக் கொடுத்தோம். வதிவிடச் சான்று விடயத்தைப் பின்னர் பெற்றோர் கூட்டத்தில் எழுப்பினோம். அதிபர் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்திலும் எழுப்பவிருக்கிறோம்.